காலடியில் நொறுங்கும் வெள்ளை

மூணாறு உறைபனியைப் பார்க்க நண்பர்களும் நாயுமாக மலையேறுகிறார்கள். அந்தப் பனி புல்வெளிக்குக் காவல், தேயிலைக்கு எமன்.

ஜனவரி மாதத்தில் வானம் துடைத்துவைத்தாற்போல இருக்கும் நாட்களில், விடியற்காலை 5 மணிக்கெல்லாம் மூணாறு கடைத்தெருவின் டீக்கடைகளில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. கோவையிலிருந்தும் மதுரையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் இரவெல்லாம் ஓடிவந்த கார்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் நான்கைந்து நண்பர்கள், குரங்குக் குல்லாய், மப்ளர், ஒரு பிளாஸ்க் சுக்குக் காபி. சில கார்களில் பின்சீட்டு ஜன்னல் வழியே மூக்கை நீட்டும் நாயும் உண்டு. எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "இன்னிக்கு எங்கே விழுந்திருக்கு?"

பதில் நாளுக்கு நாள் மாறும். செண்டுவாரை, சிட்டுவாரை, கன்னிமலை, லட்சுமி எஸ்டேட், செவன்மலை என்று தேயிலைத் தோட்டங்களின் பெயர்களாகவே அது இருக்கும். கார்கள் அந்தத் திசையில் விரைகின்றன. வெளிச்சம் பரவும்போது பள்ளத்தாக்கின் புல்தரை முழுக்க உப்பைத் தூவியதுபோல வெளுத்துக் கிடக்கிறது. இறங்கியவர்கள் அதன்மீது ஓடுகிறார்கள், உருள்கிறார்கள், கைநிறைய அள்ளிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாய் முதலில் தயங்கிக் காலை உதறுகிறது. பிறகு எஜமானரைவிட வேகமாக ஓடுகிறது. 8 மணி வெயில் வந்ததும் வெள்ளை மறைந்துவிடுகிறது. மிஞ்சுவது ஈரப் புல்லும், நூற்றுக்கணக்கான காலடித் தடங்களும்தான்.

சில நாட்கள் கழித்து அந்தத் தடங்கள் பழுப்பு நிறமாகும். உறைந்த புல்லின் தாளில் உள்ள நீர் பனிக்கட்டியாக இருக்கும். அதை மிதித்தால் செல்கள் உடைந்து தாள் செத்துப்போகும். குல்மார்க்கிலோ இமாசலப் பிரதேசத்திலோ ஆள் உயரத்துக்குப் பனி கொட்டிக் கிடக்கும் இடங்களில் நடப்பவர்கள் டென்னிஸ் மட்டை போன்ற அகலமான பனிக்காலணியை மாட்டிக்கொள்கிறார்கள். உடலின் பாரம் பரந்து விழுவதால் கால் புதைவதில்லை. அங்கே ஆளைப் பனியிடமிருந்து காப்பாற்ற வேண்டும். கேரள எல்லையில் நிலைமை தலைகீழ். இங்கே பனி ஒரு விரல் கனம்கூட இல்லை. காப்பாற்றப்பட வேண்டியது காலுக்குக் கீழே இருக்கும் மலைதான்.

சுற்றிக்கொண்டு போகும் எல்லை

மலையாளிகளுக்கும் தமிழர்களுக்கும் இந்தப் பகுதியின் வரைபடம் எப்போதும் ஒரு புதிர். பாலக்காட்டுக் கணவாயின் தென்கரையில் நெல்லியாம்பதி மலைகள் எழுகின்றன. அதற்கு அடுத்து பறம்பிக்குளம். 2010-ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இந்தக் காடு கேரளத்தைச் சேர்ந்தது. ஆனால் சாலை வழியே போக வேண்டுமானால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் என்று தமிழ்நாட்டுக்குள் புகுந்துதான் போக வேண்டும். அதற்குத் தென்கிழக்கே வால்பாறைத் தேயிலைத் தோட்டங்கள். அவற்றின் தலைமாட்டில் அக்காமலை கிராஸ் ஹில்ஸ் என்னும் புல்மலை. அந்தப் புல்மலையின் மறுபக்கச் சரிவில் இறங்கினால் இடுக்கி மாவட்டத்தின் இரவிகுளம் தேசியப் பூங்கா. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான 2,695 மீட்டர் ஆனைமுடி இங்கேதான் நிற்கிறது.

ஆக, பாலக்காட்டிலிருந்து இடுக்கி வரை இது ஒரே ஆனைமலைத் தொடர். மாநில எல்லை அதன் முதுகில் வளைந்து வளைந்து ஓடுகிறது. பேச்சும் அப்படித்தான். மூணாறு லயங்களிலும் வட்டவடைத் தோட்டங்களிலும் தமிழே அதிகம் கேட்கும். இரவிகுளத்தின் உட்காடுகளை உள்ளங்கைபோல அறிந்த முதுவர் பழங்குடியினரோ, தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. உறைபனிச் செய்திகளில் அடிபடும் சைலண்ட் வேலி என்பது மூணாறு அருகே உள்ள ஒரு தேயிலை எஸ்டேட். அணைத் திட்டம் கைவிடப்பட்டு, 1984-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட சைலண்ட் வேலி பாலக்காடு மாவட்டத்தில், கணவாய்க்கு வடக்கே இருக்கிறது. பனி பார்க்க அங்கே போனால் மழைக்காட்டைத்தான் பார்க்கலாம்.

வானம் திறந்த இரவு

பாலக்காட்டில் ஜனவரி இரவிலும் வெப்பம் 20 டிகிரி செல்சியசுக்குக் கீழே போவது அபூர்வம். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. அப்படிப் பார்த்தால் 2,000 மீட்டர் உயரத்தில்கூட 8 அல்லது 9 டிகிரி இருக்க வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே எப்படிப் போகிறது?

விடை மேகத்தில் இருக்கிறது, அல்லது மேகம் இல்லாததில். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் மலைக்காற்று உலர்ந்துவிடுகிறது. பகலில் சூடேறிய நிலம், இரவில் அந்த வெப்பத்தை வானத்துக்கே திருப்பி அனுப்புகிறது. மேகம் இருந்தால் அது கம்பளிபோல வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும். வானம் திறந்து, காற்றும் அசையாமல் இருந்தால் தடுக்க ஆளில்லை. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, தண்ணீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. அதனால்தான் குன்றின் உச்சியில் பனி இல்லாமலும், கீழே ஓடைக்கரைப் புல்லில் பனி அப்பியும் இருக்கிறது. காற்றிலுள்ள ஈரம் மழையாகவோ தூறலாகவோ விழாமல், புல்தாளின் மேலேயே படிகமாகப் படிகிறது. வானத்திலிருந்து விழும் பனிமழைக்கும் இதற்கும் உறவில்லை.

செய்தித்தாள்களில் ஒரே நாளுக்கு வெவ்வேறு எண்கள் வருவதற்கும் காரணம் இதுதான். வானிலைக் கருவியில் வெப்பமானி தரையிலிருந்து சுமார் ஒன்றேகால் மீட்டர் உயரத்தில், நிழலான பெட்டிக்குள் இருக்கும். அது 3 டிகிரி என்று காட்டும்போதே கீழே புல்நுனி பூஜ்யத்தைத் தாண்டிக் கீழிறங்கியிருக்கும். 2019 ஜனவரியில் மூணாறு எஸ்டேட்டுகளில் பூஜ்யத்துக்குக் கீழான குளிர் பல நாட்கள் தொடர்ந்தது. 2023 ஜனவரியிலும் தோட்டங்கள் வெளுத்தன. இரு முறையும் விடுதிகள் நிரம்பி வழிந்தன.

கொழுந்து கருகும் காலை

பயணிகள் கைதட்டும் அதே வெள்ளையைத் தேயிலைத் தோட்டத்தில் வேறு கண்ணால் பார்க்கிறார்கள். இரவில் கொழுந்தின் செல்களைச் சுற்றியுள்ள நீர் உறைகிறது. அது செல்லுக்குள் இருக்கும் நீரையும் உறிஞ்சி வெளியே இழுக்கிறது. காலை வெயில் சுளீரென்று பட்டவுடன் பனி வேகமாக உருகி, இழந்த நீரை இலையால் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாமல் போகிறது. முதல் வெயில் விழும் கிழக்குச் சரிவுகளில் சேதம் அதிகம். ஓரிரு நாளில் பச்சைக் கம்பளம் தீப்பட்டதுபோலப் பழுப்பாகிறது. கருகிய செடியைக் கவ்வாத்து செய்து, புதுத் துளிர் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பின் செலவைத் தொழிலாளியும் பகிர்ந்துகொள்கிறார். தோட்டக் கூலியில் நாட்சம்பளம் ஒரு பகுதி. குறிப்பிட்ட எடைக்குமேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோ கொழுந்துக்கும் கிடைக்கும் கூடுதல் பணம் இன்னொரு பகுதி. கொழுந்தே இல்லாத மாதத்தில் கூடுதலும் இல்லை. 1877-ல் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ இந்த மலையைக் குத்தகைக்கு எடுத்த பிறகு, திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்தவர்களின் பேரப்பிள்ளைகளே இன்றும் பெரும்பாலும் கொழுந்து பறிக்கிறார்கள். 2005-ல் டாடா டீயிடமிருந்து தோட்டங்களை ஏற்ற கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் நிறுவனத்தில் தொழிலாளர்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் அவர்களுக்கு நாள்தோறும் நினைவிருப்பது தராசில் ஏறும் எடைதான். 2015 செப்டம்பரில் பெண் தொழிலாளர்கள் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் போனசுக்காக மூணாறு சாலையை மறித்து அமர்ந்தபோது, அந்தக் கணக்கு எவ்வளவு நெருக்கடியானது என்பதை நாடு பார்த்தது.

பனியை எதிர்க்கத் தோட்டங்கள் சில வழிகளைக் கையாள்கின்றன. இளஞ்செடிகளைத் தழையால் மூடுகிறார்கள். வசதி உள்ள இடங்களில் விடியுமுன் தெளிப்பான் மூலம் தண்ணீர் அடிக்கிறார்கள். வட்டவடையிலும் காந்தலூரிலும் பூண்டு, உருளை, பீன்ஸ் போடும் சிறு விவசாயிக்கு அவ்வளவு வசதி கிடையாது. புவிசார் குறியீடு பெற்ற பூண்டு குளிரைத் தாங்கினாலும் பீன்ஸ் தாங்காது.

பனி காக்கும் புல்வெளி

தேயிலைக்கு எமனான பனி, மலையின் ஆதிப் புல்வெளிக்குக் காவலாளி. ஆனைமலையின் உயரப் பகுதிகளைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி மறக்காது: மடிப்புகளில் மட்டும் அடர்ந்த சோலைக்காடு, மேடெல்லாம் மொட்டைப் புல்வெளி. யாரோ மரங்களை வெட்டிவிட்டார்கள் என்று புதியவர்கள் நினைப்பதுண்டு. யாரும் வெட்டவில்லை. சோலை மரத்தின் விதை புல்வெளியில் விழுந்து முளைக்கலாம். ஆனால் திறந்த வெளியின் உறைபனி அந்தக் கன்றைக் கொன்றுவிடும். புல்லின் வேர் மண்ணுக்குள் பத்திரமாக இருப்பதால் அது மறுபடி தழைக்கும். புல்வெளி நிலைத்திருப்பதற்குத் தீ, காற்று, மண்ணின் ஆழம் ஆகியவற்றோடு பனியும் ஒரு முக்கியக் காரணம் என்று தாவரவியலாளர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள்.

இந்தப் புல்வெளியை நம்பித்தான் வரையாடு வாழ்கிறது. தமிழ்நாட்டின் மாநில விலங்கான இது உலகில் வேறெங்கும் இல்லை. 2025-ல் இரு மாநிலங்களும் ஒரே நேரத்தில் நடத்திய கணக்கெடுப்பில் கேரளத்தில் 1,365, தமிழ்நாட்டில் 1,303 என்று மொத்தம் 2,668 வரையாடுகள் எண்ணப்பட்டன. இரவிகுளமே அவற்றின் மிகப் பெரிய புகலிடம். ஒரு காலத்தில் தோட்டத் துரைமார்கள் வேட்டையாடிய இடம் இது. 1928-ல் அவர்களே அமைத்த வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் முதுவர்களைக் காவலர்களாக வைத்துக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 1971-ல் கேரள அரசு சட்டம் இயற்றி நிலத்தை மீட்டது. 1975-ல் சரணாலயம், 1978-ல் தேசியப் பூங்கா. பரப்பு 97 சதுர கிலோமீட்டர்.

பனியை வெல்லும் மரங்களும் உண்டு. தோல் பதனிடும் பட்டைக்காகக் கொண்டுவரப்பட்ட சீகை என்னும் வாட்டில் குளிரைத் தாங்கிக்கொண்டு புல்வெளிக்குள் பரவுகிறது. வட்டவடையில் 'கிராண்டிஸ்' என்று அழைக்கப்படும் யூகலிப்டஸ் மரமும் பெருகியது. அண்டையிலுள்ள பழனிமலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையே புல்வெளியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதைச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு காட்டியது. வட்டவடை அருகே பழத்தோட்டம் பகுதியில், வாட்டில் நின்ற நிலத்தில் மறுபடி புல்லை நட்டு வளர்க்கும் வேலையில் கேரள வனத்துறையோடு உள்ளூர் மக்களும் இறங்கினார்கள். ஒரு மலையில் புல்லைக் கையால் நட வேண்டிய நிலை வந்திருக்கும்போது, இன்னொரு சரிவில் இருக்கும் புல்லைப் படத்துக்காக மிதித்து அழிப்பது விநோதம்தான்.

நாய்க்கு ஏன் தடை?

நண்பர்களோடு போகும் நடையில் நாய் இருந்தால்தான் களை. அதிலும் எல்லைக்கு இந்தப் பக்கம் தேனி மாவட்டத்துக் கோம்பை, ஒரு நாய் இனத்துக்கே பெயர் கொடுத்த ஊர். மலையடிவாரத்தில் காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் வளர்க்கப்பட்ட கோம்பை நாய்க்கு மேடு பள்ளம் ஒரு பொருட்டல்ல. அதைக் காட்டுக்குள் விடக்கூடாது என்று வனத்துறை சொன்னால் வளர்ப்பவருக்குக் கோபம் வருகிறது. காரணங்கள் மூன்று.

முதலாவது, பருவம். வரையாடு குட்டி போடுவது குளிர்காலத்தின் கடைசியில்தான். அதனால் இரவிகுளத்தின் ராஜமலைப் பகுதி ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பார்வையாளர்களுக்கு மூடப்படுகிறது. பனி உச்சத்தில் இருக்கும் ஜனவரியிலேயே சினை ஆடுகளும் முதல் குட்டிகளும் புல்வெளியில் இருக்கும். வரையாட்டைத் துரத்தித் தின்னும் விலங்குகளில் செந்நாயும் ஒன்று. நாயின் வாடை பட்டால் அது வீட்டு நாயா காட்டு நாயா என்று ஆடு விசாரிப்பதில்லை. பாறை விளிம்புக்கு ஓடுகிறது. ஓட முடியாத குட்டி தனித்துப்போகிறது.

இரண்டாவது, நோய். கேனைன் டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் வீட்டு நாயிடமிருந்து காட்டு விலங்குக்குத் தாவக்கூடியது. ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் 1994-ல் சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த நோயால் மாண்டது. குஜராத்தின் கிர் காட்டில் 2018 செப்டம்பர், அக்டோபரில் 23 சிங்கங்கள் இறந்தபோதும் இந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. செந்நாய் நாய்க் குடும்பத்தையே சேர்ந்தது. உலகம் முழுவதிலும் இனப்பெருக்க வயதில் 2,500-க்கும் குறைவான செந்நாய்களே எஞ்சியிருப்பதாக மதிப்பிடப்படுகிறது. அவை கூட்டமாக வாழ்பவை. ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் வரும். தடுப்பூசி போட்ட நாயிடமிருந்து இந்த ஆபத்து குறைவு என்பது உண்மை. ஆனால் வாசலில் நிற்கும் காவலரால் ஒவ்வொரு நாயின் சீட்டையும் சோதிக்க முடியாது.

மூன்றாவது, நாயின் உயிர். சிறுத்தைக்குப் பிடித்த இரைகளில் நாய் முக்கியமானது. அவிழ்த்துவிட்ட நாய் யானையைப் பார்த்துக் குரைத்துவிட்டு, பயந்ததும் நேரே எஜமானரிடம்தான் ஓடிவரும், யானையைப் பின்னால் இழுத்துக்கொண்டு. விடியற்கால மூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் நிற்பது யானையா பாறையா என்று தெரியாத மலை இது.

நாய் இந்த மலைக்கு அந்நியமானது என்று இதற்குப் பொருள் இல்லை. லயத்து வாசல்தோறும் நாய் உண்டு. 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்குப் பக்கத்துப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் பலியானார்கள். தேடுதல் நாட்கணக்கில் நீண்டபோது, குவி என்னும் நாட்டு நாய் தன்னோடு விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையின் உடல் ஆற்றில் சிக்கியிருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது. போலீஸ் நாய்ப்படைக்காரர்கள் அதைச் சிலகாலம் தங்களோடு வைத்துப் பராமரித்தார்கள். நாய்க்கு இங்கே இடம் உண்டு. அது மனிதர்கள் இருக்கும் இடம்.

அனுமதியோடு நடக்கலாம்

அப்படியானால் குளிர்காலத்தில் இந்த மலைகளில் நடக்கவே கூடாதா? நடக்கலாம். 2,640 மீட்டர் உயரமுள்ள மீசைப்புலிமலைக்குக் கேரள வன வளர்ச்சிக் கழகம் மூணாறிலிருந்து வழிகாட்டியோடு அழைத்துப்போகிறது. கூடாரத்தில் தங்கி, விடியலில் மேகக் கடலுக்கு மேலே நிற்கலாம். இரவிகுளத்தின் ராஜமலைக்கு வனத்துறையின் வாகனத்தில் போய், வரையாட்டைச் சாலையோரத்திலேயே பார்க்கலாம். பறம்பிக்குளத்தில் பழங்குடியினர் வழிகாட்டும் காட்டு நடைகள் உள்ளன. தமிழ்நாட்டுப் பக்கம், 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. தேனியின் குரங்கணி–சாம்பலாறு, கோவையின் டாப்சிலிப்–பண்டாரவரை ஆகியவை அவற்றில் அடக்கம்.

குரங்கணி என்ற பெயர் ஒரு வடுவோடு வருவது. பனி முடிந்ததும் கருகிய புல் காய்ந்து சருகாகிறது. பிப்ரவரி, மார்ச்சில் ஒரு தீக்குச்சி போதும். 2018 மார்ச் 11-ல் கொழுக்குமலைப் பக்கமிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்து இளைஞர்கள். நண்பர்களோடு இரண்டு நாள் என்று கிளம்பியவர்கள். அதன்பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு முறையான விதிகள் வந்தன. பதிவும் வழிகாட்டியும் தீக்காலத் தடையும் அதிகாரிகளின் கெடுபிடி என்று தோன்றும்போது இந்தத் தேதியை நினைத்துக்கொள்வது நல்லது.

குளிரும் கொல்லும், ஆனால் பெரும்பாலும் வெளியே அல்ல, அறைக்குள். ஜன்னலைச் சாத்திவிட்டுக் கரி அடுப்பையோ கேஸ் ஹீட்டரையோ வைத்துத் தூங்குபவர்களை, நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு வாயு தூக்கத்திலேயே முடித்துவிடுகிறது. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தமன் என்ற மலையூரில் தங்கிய கேரளச் சுற்றுலாப் பயணிகள் 8 பேர், அவர்களில் 4 பேர் குழந்தைகள், அறையிலிருந்த ஹீட்டரால் மூச்சடைத்து இறந்தார்கள். கம்பளியும் வெந்நீர்ப் பையும் பழைய உபாயங்கள்தான், ஆளைக் கொல்லாதவை.

நாயோடு வந்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. நாய்களை ஏற்கும் தங்கும் வீடுகள் சூரியநெல்லி, காந்தலூர்ப் பக்கங்களில் உண்டு. வெறிநாய்த் தடுப்பூசியும் டிஸ்டெம்பர் தடுப்பூசியும் போட்ட நாயைச் சங்கிலியில் கட்டி, ஊர்ச் சாலையில் நடத்திக்கொண்டு போகலாம். குட்டை முடி நாய்க்கு ஒரு பழைய ஸ்வெட்டரைப் போட்டுவிட்டால் நடுக்கம் நிற்கும். காட்டு நடைக்குப் போகும் அன்று ஒரு நண்பர் நாயோடு தங்கிவிட வேண்டியதுதான். அடுத்த நாள் முறை மாற்றிக்கொள்ளலாம். எஸ்டேட் சாலை என்பது தனியார் நிலம் என்பதும், அங்கே பனிபடர்ந்த செடிக்குள் இறங்கினால் மிதிபடுவது ஒருவரின் அடுத்த மாதக் கொழுந்து என்பதும் பலருக்குச் சொல்லித்தான் தெரிகிறது.

வெண்புல்லைப் பார்க்க அதன்மீது ஏறி நிற்க வேண்டியதில்லை. பாதையிலேயே நின்று, சூரியன் வரும் திசைக்கு எதிரே பார்த்தால், ஒவ்வொரு தாளின் விளிம்பிலும் ஊசி ஊசியாக நிற்கும் படிகங்கள் தெரியும். முதல் கதிர் பட்டதும் அவை கீழிருந்து அல்ல, நுனியிலிருந்து உருகத் தொடங்கும். அரைமணி நேரத்தில் எல்லாம் துளிகளாகிவிடும். அந்நேரம் மூணாறு லயங்களிலிருந்து கூடையோடு பெண்கள் மலைக்கு ஏறிக்கொண்டிருப்பார்கள், எந்தச் சரிவு தப்பியிருக்கிறது என்று பார்த்தபடி.